மீன்பிடி லைசென்ஸும் எட்டு மாத பாக்கியும்

அக்டோபரின் முதல் வார இறுதி. டெக்சாஸ் சிட்டி டைக் என்ற கல்கரைக்குப் போகும் வழியில் உள்ள தூண்டில் கடையில், காலருகே உயிர் இறால் வாளியும் கையில் ஓட்டுநர் உரிமமுமாக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் பதின்மூன்று வயது மகள், புதுத் தூண்டிலின் உருளையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லாவில் இருந்த அம்மாள் என் விவரங்களைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு லைசென்ஸ் கொடுக்க முடியாது என்று வருகிறது. காரணம் எனக்குத் தெரியாது. இந்த எண்ணில் கேளுங்கள்" என்று ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார்.

எனக்குக் காரணம் தெரியும். அவர் குரலைத் தாழ்த்தியதுமே தெரிந்துவிட்டது. எட்டு மாதமாகத் தெரியாதவன் மாதிரி நடந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

"கணினி வேலை செய்யவில்லை" என்று மகளிடம் சொன்னேன். அவள் நம்பியிருக்க மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

டெக்சாஸில் பதினேழு வயது நிறையாதவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் தேவையில்லை. ஆகவே அன்று டைக்கில் அவள் தூண்டில் வீசினாள். நான் இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். கால்வெஸ்டன் வளைகுடாவுக்குள் ஐந்து மைல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கரையில் கேம் வார்டன், அதாவது லைசென்ஸைச் சோதிக்கும் அதிகாரி, எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. இறாலைக் கொக்கியில் மாட்டித் தரக்கூடக் கை நீளவில்லை. "அப்பா, முள் குத்துகிறது" என்றாள். "வாலுக்குப் பக்கமாகப் பிடி" என்று வாயால் மட்டும் சொன்னேன்.

இதை எழுதக் காரணம், அமெரிக்காவில் விவாகரத்தாகி 'சைல்ட் சப்போர்ட்' என்ற குழந்தைப் பராமரிப்புத் தொகை கட்டிக்கொண்டிருக்கும் தமிழர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. விசாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம், வீட்டுக்கடனின் வட்டியைப் பற்றிப் பேசுவோம், இதைப் பேச மாட்டோம். மானம். அந்த மானம் எனக்கு எத்தனை ஆயிரம் டாலர் செலவு வைத்தது என்ற கணக்கைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஊரில் இருக்கும் அம்மாவிடம் ஒரு நாள் சொன்னேன். விவாகரத்தைவிட அவருக்குப் பெரிய ஆச்சரியம், மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டும் என்பதுதான். நான் வளர்ந்தது ஸ்ரீவைகுண்டத்தில். மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டி, மண்புழுவை மாட்டித் தாமிரபரணியில் கெண்டையும் கெளுத்தியும் பிடித்த அப்பாவை எந்த அதிகாரியும் எதுவும் கேட்டதில்லை. "பெற்ற பிள்ளைக்குச் சோறு போடவில்லை என்றால் பஞ்சாயத்தில் கேட்பார்கள். தூண்டிலையா பிடுங்குவார்கள்?" என்றார் அம்மா. இங்கே தூண்டிலைத்தான் பிடுங்குகிறார்கள்.

1996-இல் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தில் இருக்கிறது இதற்கான வேர். குழந்தைப் பராமரிப்புத் தொகையில் பாக்கி வைப்பவரின் ஓட்டுநர் உரிமம், தொழில் உரிமம், அவற்றோடு வேட்டை, மீன்பிடிப்பு போன்ற பொழுதுபோக்கு உரிமங்களையும் நிறுத்திவைக்க ஒவ்வொரு மாநிலமும் வழி செய்ய வேண்டும் என்று அது சொன்னது. முதன்முதலில் லைசென்ஸ் வாங்கியபோது, ஒரு மீனைப் பிடிக்க எதற்கு என் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கிறார்கள் என்று வியந்திருக்கிறேன். இதற்குத்தான். அந்த ஒன்பது இலக்கங்கள் வழியாகத்தான் தூண்டில் கடையின் கணினியும் நீதிமன்றத் தீர்ப்பும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன.

டெக்சாஸில் இது இரண்டு விதமாக நடக்கிறது. மூன்று மாதத் தொகையோ அதற்கு மேலோ பாக்கி விழுந்து, தவணையில் கட்ட வாய்ப்புக் கொடுத்தும் கட்டாவிட்டால், கையில் இருக்கும் உரிமத்தையே நிறுத்திவைக்க நடவடிக்கை எடுக்கலாம். அதற்கு முன்னால் அறிவிப்பு வரும். அது கையில் கிடைத்த இருபது நாளுக்குள் விசாரணை கோரி எழுதிக் கொடுத்தால், விசாரணை முடியும்வரை உரிமம் தப்பும். இரண்டாவது வழி சத்தமில்லாதது. ஆறு மாதம் கட்டாமல் இருந்தால், புதிய உரிமமோ புதுப்பித்தலோ கொடுக்க வேண்டாம் என்று உரிமம் வழங்கும் துறைக்குச் சொல்லிவிடலாம். வழக்கமான ஆண்டு மீன்பிடி லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதி காலாவதியாகிவிடும். எனவே ஆண்டுதோறும் செப்டம்பரில் பெரும்பாலான மீன்பிடிக்காரர்களும் இந்த வலைக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். நான் மாட்டியது இதில்தான்.

அறிவிப்புக் கடிதம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் எளிது. நான் வாடகை குறைந்த இடத்துக்கு மாறிவிட்டேன், முகவரியைத் தெரிவிக்கவில்லை. முகவரியோ வேலையோ மாறினால் தெரிவிக்க வேண்டும் என்று விவாகரத்துத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்று யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்?

இனி எட்டு மாதக் கதை.

தீர்ப்பு வந்தபோது என் வேலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. டெக்சாஸில் ஒரு பிள்ளைக்கு நிகர வருமானத்தில் இருபது சதவீதம் என்பது வழிகாட்டி விதி. என் கணக்குக்கு மாதம் 1,300 டாலர் வந்தது. நிறுவனமே சம்பளத்தில் பிடித்து, சான் அன்டோனியோவில் இருக்கும் மாநிலப் பட்டுவாடா மையத்துக்கு அனுப்பிவிடும். அங்கிருந்து என் மகளின் அம்மாவுக்குப் போகும். நான் ஒரு முறைகூட என் கையால் கட்டியதில்லை. எங்கே, எப்படிக் கட்டுவது என்றே தெரியாது. வருமான வரி போல அது ஒரு பிடித்தம். அந்த வசதிதான் பின்னால் வினையாயிற்று.

ஜனவரி முடிவில் வேலை போனது. பிடித்தமும் அதோடு நின்றது. ஆனால் கடமை நிற்கவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. சம்பளம் இல்லை, ஆகவே பிடித்தமும் இல்லை, வேலை கிடைத்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வேலையிழப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கவில்லை. பதினாறு வருடம் மென்பொருள் வேலை பார்த்தவன் உதவித்தொகைக்குக் கையேந்துவதா என்ற வீம்பு. அந்த உதவித்தொகையிலிருந்தே பராமரிப்புத் தொகையைப் பிடித்துக் கட்டும் ஏற்பாடு உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. வாங்கியிருந்தால் பாக்கியில் ஒரு பகுதி விழுந்தே இருக்காது.

ஏப்ரலில் தனி ஒப்பந்தக்காரனாக ஒரு சிறிய வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதியைவிடச் சற்று அதிகம். நிறுவனத்தின் ஊழியன் இல்லை என்பதால் யாரும் எதையும் பிடிக்கவில்லை. நானாகவே மகளின் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு மாதம் 600 டாலர் அனுப்பினேன். இதைத் தவிர மகளின் பல் கம்பிக்கு ஒரு தவணை கட்டினேன், சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கொடுத்தேன். மனதுக்குள் ஒரு பெரிய பேரேடு எழுதிக்கொண்டு, நானும் குறை வைக்காத அப்பன்தான் என்று தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

கடையிலிருந்து திரும்பிய அன்று இரவு மகளின் அம்மாவை அழைத்துக் கத்தினேன். "மீன் பிடிக்கிற லைசென்ஸைக்கூட விட்டுவைக்க மாட்டாயா? மாதாமாதம் பணம் வருகிறதா இல்லையா?"

"நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை" என்றார். "விவாகரத்து ஆனபோதே சைல்ட் சப்போர்ட் அலுவலகத்தில் கோப்பு திறந்துவிட்டது. அவர்கள் கணக்கில் எது வருகிறதோ, அதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். நீங்கள் எனக்கு அனுப்பியது அங்கே எப்படித் தெரியும்?" சற்று நிறுத்தி, "முதல் இரண்டு மாதம் எதுவுமே வரவில்லை. நான் கேட்டேனா?" என்றார்.

கேட்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

டெக்சாஸில் இந்தப் பொறுப்பு மாநிலத் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் சைல்ட் சப்போர்ட் பிரிவினுடையது. அடுத்த வாரம் நேரில் போனேன். ஒரு ஊழியர் என் கணக்குத் தாளை அச்செடுத்து முன்னால் வைத்தார். பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை எட்டு வரிகள். 'செலுத்த வேண்டியது' என்ற பத்தியில் எட்டு 1,300. 'செலுத்தியது' என்ற பத்தியில் எட்டுச் சுழியம். மொத்தம் 10,400 டாலர், அதன்மேல் ஆண்டுக்கு ஆறு சதவீதத் தனி வட்டி. சைக்கிளும் பல் கம்பியும் அந்தத் தாளில் எங்கும் இல்லை. பட்டுவாடா மையம் வழியாக வராத பணம், எவ்வளவு அன்போடு கொடுத்திருந்தாலும், பொதுவாக அன்பளிப்பாகவே கொள்ளப்படும்.

அவர் கோபமாகப் பேசவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். நான் விளக்கம் சொல்லிக்கொண்டே போனபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வேலை போனவுடன் தொகையை மாற்றச் சொல்லி மனு கொடுத்தீர்களா?"

என் முட்டாள்தனத்தின் நடுப்புள்ளி இதுதான். வேலை போனால் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். சூழ்நிலையில் பெரிய மாற்றம் என்பது அதற்குப் போதுமான காரணம். ஆனால் குறைக்கப்படும் தொகை பின்னோக்கிப் போகாது. 1986-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத் திருத்தம் ஒன்று, பிராட்லி திருத்தம் என்று அதைச் சொல்வார்கள், விழுந்துவிட்ட பாக்கியை நீதிபதியே நினைத்தாலும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாதபடி செய்துவிட்டது. மனு கொடுத்து, அது எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் புதுத் தொகை. பிப்ரவரியில் கேட்டிருந்தால் பிப்ரவரியிலிருந்து குறைந்திருக்கும். அக்டோபரில் கேட்டவனுக்கு, வேலையே இல்லாத மாதங்களுக்கும் முழு 1,300-தான். புதுத் தொகை 780 என்று பிறகு முடிவானது. மாதம் 520 டாலர் வித்தியாசம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான ஆறு மாதத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் 3,120 டாலர். மேலே சொன்ன மானத்தின் விலை இது, வட்டி தனி.

வேலை போன அன்றே நான் அழைத்த ஆட்களை நினைத்துப் பார்க்கிறேன். வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட், கார் கடன் கொடுத்த வங்கி, காப்பீட்டு நிறுவனம். கார் கடனுக்கு இரண்டு மாதத் தவணை விலக்குக் கேட்டு வாங்கினேன். மகளுக்கான கடனுக்கு மட்டும் எந்த அழைப்பும் இல்லை. அவளுக்குக் கொடுப்பது கடன் என்று நினைக்காததால் வந்த வினை. பாசம் என்று நினைத்தேன். பாசத்துக்குத் தவணைத் தேதி கிடையாதே.

நல்லவேளையாக, மகளின் அம்மா ஒரு உதவி செய்தார். நான் நேரடியாக அனுப்பிய ஆறு மாதப் பணம் 3,600 டாலரைப் பெற்றுக்கொண்டதாகப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார். அதை ஏற்றுக் கணக்கில் கழித்தார்கள். அவர் கையெழுத்திட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அப்படிக் கத்திய ஒருவனுக்காகச் செய்தார். சைக்கிளைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. வங்கிப் பரிமாற்றத்துக்கு ஆதாரம் இருந்தது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

மீதி 6,800. என்னிடம் ஒரு மீன்பிடி கயாக் இருந்தது. அதையும் சில தூண்டில்களையும் விற்று 1,800 கட்டினேன். தூண்டிலைப் பிடுங்கியதற்காக ஆத்திரப்பட்டவன், கடைசியில் தானே விற்றான். மீதி 5,000-க்கு மாதம் 250 வீதம் தவணை ஒப்பந்தம். நீதிமன்ற அறைக்குள் நிற்காமலே, அலுவலகத்தில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, ஒத்துக்கொண்டதை உத்தரவாக எழுதி நீதிபதியின் கையெழுத்துக்கு அனுப்பும் முறை ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சண்டை முற்றியவர்களுக்கு வக்கீல் வேண்டியிருக்கும்.

ஆனால் லைசென்ஸ் அன்றே திரும்பவில்லை. ஒப்பந்தம் போட்டு, முதல் தொகையைக் கட்டி, தடையை விலக்கும் தகவல் உரிமத் துறைக்குப் போய், அங்கே பதிவாகி... இலையுதிர் காலம் முழுதும் போய்விட்டது. மீன்பிடிக்காரருக்குத்தான் இந்த இழப்பு புரியும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, ரெட்ஃபிஷ் என்று இங்கே சொல்லும் மீனின் பெரிய உருப்படிகள் கரையோரம் கூட்டமாக வரும் காலம். நம் ஊர்க் கத்தாளையின் இனம். செம்பு நிறம், வாலருகே ஒரு கரும்பொட்டு. இருபது அங்குலத்துக்கும் இருபத்தெட்டு அங்குலத்துக்கும் இடைப்பட்டதைத்தான் எடுத்துப்போகலாம்; அதைவிடப் பெரியதை எடுக்க லைசென்ஸோடு வரும் ஒரு டேக், அதாவது மீனில் கட்டும் அடையாளச் சீட்டு, வேண்டும். மடவை மீனைத் துண்டாக்கி ஆழத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தால், தூண்டில் கம்பு வில்லாக வளையும்.

அந்த வளைவை என் மகள்தான் பார்த்தாள். நவம்பரின் முதல் வார இறுதியில், முப்பது அங்குலத்துக்குக் குறையாத ஒன்று அவள் தூண்டிலில் மாட்டியது. அவளால் தனியாக இழுக்க முடியவில்லை. நான் பின்னால் நின்று "விட்டுக் கொடு, இப்போது சுற்று" என்று கத்திக்கொண்டே இருந்தேன். பக்கத்துப் பாறையிலிருந்த ஒரு வியட்நாமியப் பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து கம்பைத் தாங்கிக் கொடுத்தார். மீன் கரையேறியது, அளந்தோம், திருப்பித் தண்ணீரில் விட்டார்கள். "உங்களுக்கு முதுகு வலியா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகளிடம் உண்மையைச் சொன்னேன். "அம்மா சொல்லிவிட்டாள் அப்பா" என்று சொல்லிவிட்டுப் பாட்டை மாற்றினாள்.

இந்தத் தண்டனை நியாயமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஓட்டுநர் உரிமத்தை நிறுத்துவது எனக்கு முட்டாள்தனமாகவே படுகிறது. பஸ்ஸே இல்லாத ஊர்களில் கார் இல்லாதவன் எப்படி வேலைக்குப் போவான், எப்படிச் சம்பாதித்துக் கட்டுவான்? நர்ஸ், எலக்ட்ரீஷியன் போன்றவர்களின் தொழில் உரிமத்தை நிறுத்துவதும் அப்படித்தான். பால் கறக்கும் மாட்டின் காலைக் கட்டிப்போடுவது. மீன்பிடி லைசென்ஸ் அப்படியில்லை. அது போனால் என் மகளுக்கு ஒரு டாலர்கூட நஷ்டமில்லை. வலி முழுக்க எனக்குத்தான். சாப்பாட்டுக்காக மீன் பிடிக்கும் ஏழைகளும் அந்த டைக்கில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது கொடுமைதான். எனக்கு அது 35 டாலர் பொழுதுபோக்கு. ஏதாவது ஒன்றைப் பிடுங்கித்தான் என்னை எழுப்ப வேண்டும் என்றால், சரியானதைத்தான் பிடுங்கியிருக்கிறார்கள்.

ஏனென்றால் வரிசையில் அடுத்து நின்றவை அப்படி இல்லை. ஆறு மாதப் பாக்கி இருந்தால் டெக்சாஸில் காரின் பதிவையும் புதுப்பிக்க விடாமல் தடுக்கலாம். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் அமெரிக்க பாஸ்போர்ட் கிடைக்காது. என் பாஸ்போர்ட் அடுத்த ஆண்டு முடிகிறது. அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இரவில் தூக்கம் வராமல் புரண்டது லைசென்ஸை நினைத்து அல்ல, இதை நினைத்துத்தான். கிரீன் கார்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். குடியுரிமை விண்ணப்பத்தில், பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகையைக் கட்டத் தவறியிருக்கிறீர்களா என்ற கேள்வி இருக்கிறது. வேண்டுமென்றே கட்டாமல் இருந்ததாக முடிவானால், நன்னடத்தை இல்லை என்று விண்ணப்பமே தள்ளப்படலாம். வரித் திருப்பித்தொகையையும் வழியிலேயே எடுத்துக்கொள்வார்கள். அது எனக்கே நடந்தது, வசந்த காலத்தில் வரவேண்டிய பணம் வரவில்லை. பாக்கி அந்த அளவுக்குக் குறைந்தது என்பதால் வருத்தப்படவில்லை.

என்னைப் போன்ற ஒருவர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். வேலை போய் மூன்று வாரம். மகனைப் பார்க்க மனைவி விடுவதில்லை, அதனால் பணத்தை நிறுத்தப் போகிறேன் என்றார். நிறுத்தாதீர்கள் என்றேன். பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருக்கவும் முடியாது, பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தவும் முடியாது. சட்டத்தில் இரண்டும் தனித்தனி. பார்க்க விடாததற்கு வேறு மனு. நாளைக் காலை போய்த் தொகையை மாற்றக் கேட்டு எழுதிக் கொடுங்கள், எழுதிக் கொடுத்ததற்குச் சான்று வாங்குங்கள், அதுவரை ஐம்பது டாலரானாலும் பட்டுவாடா மையம் வழியாகவே அனுப்புங்கள், புது முகவரியை இன்றே தெரிவியுங்கள் என்று சொன்னேன். "அவமானமாக இருக்கிறது" என்றார். அந்த அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் எல்லாரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். சிரித்தார். போனாரா என்று தெரியவில்லை.

ஜனவரியில் லைசென்ஸ் கிடைத்தது. அதே கடை, அதே அம்மாள். ஒரே தட்டில் அச்சானது. பெரிய மீனுக்கான டேக்கும் கூடவே வந்தது. பெரிய மீன்கள் அதற்குள் ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தன. டேக் இன்னும் மேசை இழுப்பறையில் தவணை ரசீதுகளோடு கிடக்கிறது. ஆகஸ்ட் 31 வரை செல்லும்.